பத்தியின் அகலமும் குமாஸ்தாவின் கணக்கும்

பெங்களூர்த் தண்டுப் பகுதிக்குத் தென்கிழக்கே, ஆஸ்டின் டவுனுக்கும் ஈஜிபுரத்துக்கும் அண்மையில், வியாழக்கிழமைதோறும் பல பாஷைக்காரரையும் குழந்தை இயேசு ஆலயத்திற்கு வரவழைக்கும் விவேக் நகர், தமிழ்க் குடும்பங்கள் திரளாக வாழும் வட்டாரங்களுள் ஒன்று. 1940-இல் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையும், 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலையான ஐ.டி.ஐ.யும், 1954-இல் பாரத் எலக்ட்ரானிக்ஸும் தோன்றி இந்நகரம் காரியாலயங்கள் மலிந்ததாக வளர்ந்தபோது, இத்தகைய பேட்டைகளின் மத்தியதரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உத்தியோகத்தின் வாயிலாக அமைந்தது தட்டச்சுப் பயிற்சி. அந்தப் பயிற்சியில் விரல் வேகத்தைவிடப் புத்தியை அதிகமாகச் சோதித்த பாகம் எதுவென்றால், ‘ஸ்டேட்மெண்ட்’ என்று மாணாக்கர் அஞ்சி உச்சரித்த அட்டவணைதான்.

தட்டச்சுக்கு முற்பட்ட காலத்தில் பத்தியின் அகலத்தை நிர்ணயிப்பது எழுதுபவனுடைய பொறுப்பாக இருக்கவில்லை. பேரேட்டில் கோடுகள் முன்னரே இழைக்கப்பட்டிருந்தன. குமாஸ்தா தன் எழுத்தைக் குறுக்கியோ விரித்தோ அவற்றுக்குள் அடங்கினார். அச்சுக்கூடத்தில் எண்களையெல்லாம் ஒரே அகலத்தில் வார்த்து, பித்தளைக் கோடுகளை இடையிட்டு அட்டவணை கோத்தவர்கள், அந்தப் பிரயாசைக்காகச் சாதாரண உரைநடையைவிட உயர்ந்த கூலி பெறுவது அத்தொழிலின் சம்பிரதாயமாக இருந்தது.

தட்டச்சு யந்திரமோ வெற்றுக் காகிதத்தைத் தந்து, அகலத்தைத் தீர்மானிக்கும் அதிகாரத்தையும் உடன் தந்தது. எட்டரை அங்குல அகலமுள்ள ஃபுல்ஸ்கேப் தாளில், அங்குலத்துக்குப் பத்தாக எண்பத்தைந்து எழுத்துகளுக்கு இடமுண்டு. வரிசை எண்ணுக்கு மூன்று, பெயருக்கு இருபத்தைந்து, பதவிக்கு இருபது, சம்பளத்துக்கு எட்டு என ஒவ்வொரு பத்தியின் மிக நீண்ட பதிவையும் எண்ணினால் ஐம்பத்தாறு. மூன்று இடைவெளிகளுக்கு நந்நான்காகப் பன்னிரண்டைக் கூட்டினால் அறுபத்தெட்டு. எஞ்சிய பதினேழை இருபுறமும் பங்கிட்டு, இடது ஓரத்தில் எட்டை விட்டு, ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் டேப் முளையை நிறுத்திய பிறகே முதல் எழுத்து விழும். 1955-இல் கோத்ரெஜ் நிறுவனம் இந்திய யந்திரத்தை வெளிக்கொணர்ந்த போதும் இந்தக் கணக்கு மாறவில்லை. கணக்குப் பிசகினால் தாளைக் கிழித்து எறிவதைத் தவிர வேறு பரிகாரமில்லை; ஆகையால் முன்யோசனையே அன்றைய தட்டச்சாளரின் முதன்மையான சாமர்த்தியமாக இருந்தது.

1978-இல் தோன்றி, பின்னர் நம் நாட்டுக் காரியாலயங்களிலும் பரவிய வேர்ட்ஸ்டார் என்னும் கணினிச் சொற்செயலி, திரையின் மேற்புறத்தில் ஓர் அளவுக்கோட்டை வரைந்து அதே டேப் முளைகளை அதில் ஆச்சரியக் குறிகளாகக் காட்டியது. பழைய கணக்கு புதிய சாதனத்தில் குடியேறியது என்பதே பொருந்தும். அதற்கடுத்த ஆண்டில் வந்த விசிகால்க் என்னும் விரிதாளில் பத்திகள் அனைத்துக்கும் ஒரே அகலந்தான். 1983-இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3-இல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அகலம் வாய்த்தது. 1989-இல் விண்டோஸுக்கென வெளியான மைக்ரோசாஃப்ட் வேர்டில் அட்டவணை என்பதே ஒரு தனிப் பொருளாயிற்று. கோட்டை மவுஸால் பிடித்து வெளியே நகர்த்தினால் பத்தி விரியும், உள்ளே இழுத்தால் சுருங்கும். எழுதிய பின்னர் அகலத்தைத் தீர்மானிக்கலாம் என்ற இந்தச் சுதந்திரம், தட்டச்சுக் காலத்தில் எவரும் கனவிலும் காணாதது.

ஆயினும் பழக்கம் எளிதில் விடுவதில்லை. யந்திரத்தில் கை பழகியவர்கள் கணினியிலும் இடைவெளிக் கட்டையைத் தட்டித் தட்டியே பத்திகளை நேராக்கினர். தட்டச்சில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒதுக்கிய இடம் ஒன்றே. கணினி எழுத்துருவிலோ ‘ர’ ஒடுங்கியும் ‘ணை’ பரந்தும் நிற்பதால், எழுத்துருவை மாற்றிய மறுகணமே அந்த ஒழுங்கு முழுவதும் குலைந்தது.

அகலத்தைத் தானே அமைக்கும்படி யந்திரத்திடம் ஒப்படைப்பதும் பூரண பரிகாரமன்று. உடைபடாத மிக நீண்ட சொல்லைக் கீழெல்லையாகவும், மடங்காத முழு வரியை மேலெல்லையாகவும் கொண்டு அது பக்கத்தைப் பங்கிடுகிறது. விகுதிகளை அடுக்கி நீளும் ‘செயற்பொறியாளர்களுக்கான’ போன்ற சொல் ஒன்று தலைப்பில் நின்றுவிட்டால், அதன் கீழ் இரண்டே இலக்க எண்கள் இருந்தாலும், அந்தப் பத்தி அண்டை வீட்டு நிலத்தை ஆக்கிரமிப்பவன்போல் விரிந்து, விலாசம் எழுதவேண்டிய பத்தியை நெருக்கிவிடும். பழைய ஸ்டேட்மெண்ட் எழுதியவரோ அத்தகைய தலைப்பை இரண்டு மூன்று வரியாக மடித்து, எண்களுக்கு வேண்டிய அகலத்தை மட்டுமே அளித்திருப்பார். எந்தப் பத்தி விட்டுக்கொடுக்கலாம், எது கொடுக்கலாகாது என்பது படிப்பவரின் தேவையை அறிந்தவருக்கே தெரியும். மவுஸின் வரவால் காகிதமும் பொழுதும் மிச்சமாயின. அந்த விவேகத்தை மட்டும் இன்றும் மனிதர்தான் தரவேண்டியிருக்கிறது.