கரியும் புளிப்பும்

வட்டவளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர், வீட்டிலே வெற்றிலைக்கென்று வைத்திருக்கும் சுண்ணாம்பிற் சிறிது கொண்டுவரச் செய்து, அதை நீரிற் கரைத்துத் தெளியவைத்து, மாணவன் ஒருவனை அழைத்துப் பப்பாசித் தண்டு வழியாக அத்தெளிவுக்குள் மூச்சை ஊதச் சொல்வாராயின், சற்று நேரத்தில் அந்த நீர் பால்போல் வெளுத்துவிடும். உள்ளே இழுக்கும் காற்றிலே பதினாயிரத்தில் நான்கு பங்கேயாக இருந்த ஒரு வாயு, மார்புக்குள்ளே போய்த் திரும்புகையில் நூறு மடங்காகப் பெருகி நூற்றில் நான்கு பங்காய் வெளிப்படுவதே இம்மாற்றத்துக்குக் காரணம். அதன் பெயர் யாது என்று கேட்டால் பிள்ளைகள் காபனீரொட்சைட்டு என்பார்கள். தமிழ்நாட்டுப் பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் படித்துப் பழகிய பெரியவர் எவரேனும் அங்கே இருப்பாராயின் அதையே கரியமில வாயு என்பார். ஒரே பதார்த்தத்துக்கு ஒரே பாஷையில் இரண்டு பெயர் ஏன் வந்தன என்ற வினாவைப் பின்தொடர்ந்து சென்றால், இரசாயன சாஸ்திரத்தின் முந்நூறு ஆண்டுச் சரித்திரம் அவ்விரு சொற்களுக்குள்ளே அடங்கிக் கிடப்பது தெரியவரும்.

முதலிற் பழைய பெயரைப் பார்ப்போம். கரியமில வாயு என்பதைக் காதாற் கேட்பவர் அநேகர் அதனைக் 'கரிய' என்றும் 'மில' என்றும் பிரித்துக் கருநிறமான ஏதோ ஒரு வாயு என்று எண்ணிக்கொள்கின்றனர். அந்த வாயுவுக்கோ நிறமே இல்லை. கரி, அமிலம், வாயு என்ற மூன்றும் கூடி, இடையிலே யகர உடம்படுமெய் தோன்றி ஆன சொல் அது. கரி தமிழ், அமிலம் புளிப்பைக் குறிக்கும் வடசொல்லின் வழிவந்தது, வாயுவும் வடசொல். ஆங்கிலேயர் சென்ற நூற்றாண்டுகளில் 'கார்பானிக் அமில வாயு' என்று வழங்கிய பெயரை உறுப்புக்கு உறுப்பாகத் தமிழாக்கியவர்கள் அக்காலத்து ஐரோப்பியரின் கொள்கையையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள்.

அக்கொள்கை எத்தகையது? பதினேழாம் நூற்றாண்டில் வான் ஹெல்மொண்ட் என்ற பிளெமிய வைத்தியர் 62 இராத்தல் கரியை எரித்து, எஞ்சிய சாம்பல் ஒரே இராத்தல் என்று கண்டு, மற்ற 61 இராத்தலும் கண்ணுக்குப் புலப்படாத ஆவியாய்ப் போயின என்று துணிந்தார். அத்தகைய ஆவிகளுக்குப் பொதுப்பெயர் வேண்டிக் கிரேக்கரின் 'கேயாஸ்' என்ற சொல்லிலிருந்து 'காஸ்' என்பதை ஆக்கியவரும் அவரே. இன்று நம் வீடுகளில் அடுப்புக்கு வாங்கும் உருளையின் பெயர் அங்கே பிறந்தது. அவருக்குப் பின் ஸ்கொத்லாந்தின் ஜோசப் பிளாக், 1756 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் அதிலிருந்து ஒரு காற்று நீங்குகிறது என்றும், நீற்றுச் சுண்ணாம்பு அதே காற்றை மீண்டும் பற்றிக்கொள்கிறது என்றும் நிறுத்துக் காட்டி, கல்லுக்குள்ளே நிலைபெற்றிருந்தமையால் அதனை 'நிலைத்த காற்று' என்று வழங்கினார். என் அபிப்பிராயத்தில் இந்த வாயுவுக்கு இதுவரை இடப்பட்ட பெயர்களுள் அழகிற் சிறந்தது இதுவே. ஆயினும் அது நிலைக்கவில்லை. பிரான்சிலே லவோசியேயும் அவர் கூட்டாளிகளும் 1787 இல் இரசாயனப் பெயர்களையெல்லாம் புதிதாக வகுத்தபோது, புளிப்புப் பொருள்கள் யாவற்றுக்கும் பிராணவாயுவே காரணம் என்று நம்பி, அதற்குப் புளிப்பை உண்டாக்குவது என்ற கருத்தில் 'ஒட்சிசன்' எனக் கிரேக்கப் பெயர் சூட்டினார்கள். கரியும் அதுவும் கூடிப் பிறக்கும் வாயுவைக் கரியின் அமிலம் என்றார்கள். 1810 இல் ஹம்பிரி டேவி, ஒட்சிசன் அணுவளவும் கலவாத அமிலமும் உண்டென்று நிறுவியபோது கொள்கை வீழ்ந்தது; பெயர் வீழவில்லை.

தமிழிலே இரசாயனம் எழுதும் முயற்சிக்கு ஈழநாடு முற்பட்டே வழிகாட்டியது. 1847 முதல் 1873 வரை யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்தியம் செய்தும் கற்பித்தும் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மருத்துவ நூல்களோடு இரசாயன நூலொன்றையும் தமிழில் உருவாக்கினார். 1875 இல் அச்சான அந்நூலின் பெயர் 'கெமிஸ்தம்' என்பதிலிருந்தே, சொல்லை மொழிபெயர்ப்பதா ஒலிபெயர்ப்பதா என்ற தர்க்கம் எவ்வளவு பழையது என்பது விளங்கும். 1916 இல் சேலத்திலே இராஜகோபாலாச்சாரியாரும் நண்பர்களும் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் நிறுவியபோதும் அதே தர்க்கமே நடந்தது. இலங்கையில் சுயபாஷைக் கல்வி ஓங்கிய காலத்தில், அரசகரும மொழித் திணைக்களத்தார் சொற்றொகுதிகள் வெளியிட்டபொழுது, பண்டிதர்களும் விஞ்ஞானிகளும் கூடியிருந்து ஒரு நடுவழியைக் கண்டார்கள். மூலகங்களின் பெயர் உலகப் பொதுப்பெயராய் இருக்கட்டும். அது தமிழ் ஒலிக்கு இசையட்டும். எண்ணும் புணர்ச்சியும் தமிழாகவே இருக்கட்டும் என்பதே அது.

காபனீரொட்சைட்டு அவ்வழியிற் பிறந்த சொல். காபன், ஈர், ஒட்சைட்டு. இரண்டு என்னும் எண் உயிரெழுத்தின் முன் ஈர் என்றும் மெய்யெழுத்தின் முன் இரு என்றும் திரிவதை ஈராண்டு, இருநூறு என்று நாம் நாள்தோறும் சொல்லிவருகிறோம். பழந்தமிழ் இலக்கணத்தின் அந்தத் திரிபு ஒரு மூலக்கூற்றிலுள்ள அணுக்களை எண்ணிச் சொல்லும் பணியை இங்கே ஏற்றிருக்கிறது. ஒன்றாயின் காபனோரொட்சைட்டு, மூன்றாயின் கந்தகமூவொட்சைட்டு. ஈர் என்பது ஓர் என்று மாறும் அந்தச் சிறு வேற்றுமையை இலேசாக எண்ணலாகாது. மழைக்கும் குளிருக்கும் அஞ்சிக் கதவடைத்த லயக் காம்பராவிலே ஈர விறகு புகைந்து எரியும்போது பிறப்பது காபனோரொட்சைட்டு. இரத்தத்தின் செந்நிறப் பொருளை ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றி ஆளை அயரவைத்துக் கொல்வது அது. மற்றதோ நம் மூச்சில் ஓயாமல் போவது, கொழுந்துக்கு உணவாவது.

இன்னொரு விசேஷமும் உண்டு. காபன் என்பதன் மூலமான இலத்தீன் சொல்லுக்குப் பொருள் கரி. ஒட்சைட்டு என்பதன் மூலமான கிரேக்கச் சொல்லுக்குப் பொருள் புளிப்பு. ஆகவே புதுப்பெயரும் பழம்பெயரைப் போலக் கரியையும் புளிப்பையுமே சொல்கிறது. கடலைக் கடந்து வேறு வேஷம் பூண்டு வந்த அதே சொற்கள்தாம் அவை. புதிதாகச் சேர்ந்தது ஈர் என்ற தமிழ் எண் ஒன்றே. வகுப்பறையில் நான் வேண்டுவது அந்த எண்ணையுடைய சொல்லையே. ஆனாலும் கரியமில வாயுவை வட்டவளையில் நின்றுகொண்டு பிழையென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆண்டொன்றுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் ஊர் அது. விழும் ஒவ்வொரு துளியும் காற்றிலுள்ள அந்த வாயுவைக் கரைத்து மெல்லிய காபோனிக்கமிலமாகவே மண்ணைத் தொடுகிறது. உலர்ந்த வாயுவுக்குப் பொருந்தாத பெயர் மழைநீருக்குப் பொருந்திவிடுகிறது.

இவ்வாயு மிகுந்த உலகங்கள் எப்படியிருக்கும் என்பதை நம் அண்டைக் கிரகங்கள் காட்டுகின்றன. வெள்ளியின் வளிமண்டலத்தில் நூற்றுக்கு 96 பங்கும் செவ்வாயின் வளிமண்டலத்தில் 95 பங்கும் இதுவே. செவ்வாயில் அவ்வளி மிக மெலிந்திருப்பதால் குளிர் வாட்டுகிறது, வெள்ளியிலோ அது நம்முடையதைப்போல் 90 மடங்கு அழுத்தத்தோடு கவிந்திருப்பதால் ஈயம் உருகும் வெப்பம் நிலவுகிறது. பூமிக்கும் அத்தகைய பங்கு ஆதியிற் கிடைத்தே இருந்தது. மழையும் கடலும் உயிர்களும் நெடுங்காலமாக அதைக் கல்லுக்குள்ளே கொண்டுபோய்ச் சேர்த்ததால், நைதரசன் 78 பங்கும் ஒட்சிசன் 21 பங்கும் கொண்ட வளி நமக்கு எஞ்சியது.

அந்தக் கல்லிற் கொஞ்சம் வட்டவளை மலைகளுக்கும் வருவதுண்டு. ஓயாத மழையில் சத்துகள் அரித்துப் போக, இடும் உரத்தாலும் மண்ணின் புளிப்பு மிகுந்துவிடுவதால், கவ்வாத்து வெட்டிய மலைகளில் டொலமைற்றுப் பொடியைத் தூவுவார்கள். மாத்தளை, கண்டிப் பகுதிகளில் வெட்டியெடுத்து அரைத்த காபனேற்றுக் கல் அது. வெட்டுண்ட தேயிலைத் தூர்களுக்கிடையே வெள்ளையாய்ப் படிந்த அப்பொடி மழையில் நனைந்து, மண்ணின் புளிப்பைத் தணிக்கத் தணிக்க, கோடிக்கணக்கான ஆண்டுகளாய்க் கல்லில் அடைபட்டிருந்த பிளாக்கின் நிலைத்த காற்று, அடுத்த தளிர் துளிர்க்கவிருக்கும் அம்மலையிலேயே, ஓசையின்றி வெளியேறுகிறது.