தேக்கின் நரை

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் ‘டிரிங்கோமலி’ என்னும் பழம்பெரும் பாய்மரப் போர்க்கப்பல் மிதந்துகொண்டிருக்கிறது. ஈழத்துத் திருகோணமலையே ஆங்கிலேயர் நாவில் இவ்வாறு திரிந்தது. கப்பலின் உடலோ மலபார்த் தேக்கு. பம்பாயில் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா என்னும் பார்சிக் கைவினைஞர், தம் சமய மரபின்படி அடிமரத்தில் வெள்ளி ஆணி ஒன்றை அறைந்து வேலையைத் தொடங்கினார். 1817 அக்டோபர் 12ஆம் நாள் கப்பல் நீரில் இறங்கியது. இன்று நீரில் மிதக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் இதுவே மூத்தது.

நெப்போலியப் போர்களினால் இங்கிலாந்தில் கருவாலி மரத்திற்குப் பஞ்சம் ஏற்பட்டிருந்தது. ஆயினும் தேக்கு வெறும் மாற்றுமரமாக வரவில்லை. கருவாலியிலுள்ள துவர்ப்பு அமிலம் இரும்பு ஆணியை அரித்துவிடும்; தேக்கின் எண்ணெயோ அதைக் காக்கும். அம்மரத்தில் நுண்மணற்சத்தும் உண்டு. தேக்கில் உளி விரைவில் மழுங்குவதை நம் ஊர்த் தச்சரும் அறிவர்.

இத்தகைய மரமும் நரைக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் மரநார்களைப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்கின்றன. மழை அதைக் கழுவிச் செல்கிறது. எஞ்சிய நார்கள் சாம்பல் நிறம் பெறுகின்றன. காண்பவர் மரம் செத்துவிட்டது என்றே எண்ணுவர். ஆனால் அந்நரை மிக மெல்லியதொரு தோல். அதன்கீழ்ப் பொன்னிற மரம் பழுதின்றி இருக்கும். உளுப்பு வேறு, நரை வேறு. இவ்வேறுபாட்டை அறியாத கைகளாலேயே பல கப்பல்களின் தளங்கள் தேய்ந்தன.

கடற்படைகளில் தளத்தைத் தேய்ப்பதற்கென்று மென்மணற்கல் ஒன்று இருந்தது. ‘திருக்கல்’ என்பது அதன் பெயர். செபிப்பவர்போல் முழந்தாளிட்டுத் தேய்த்ததால் அப்பெயர் வந்தது என்பர். பெரிய கல்லை ‘விவிலியம்’ என்றும், மூலை முடுக்குகளுக்கான சிறு கல்லை ‘செபநூல்’ என்றும் மாலுமிகள் அழைத்தனர். அந்த நகைச்சுவையில் கசப்பும் கலந்திருக்கவேண்டும். விடியற்குளிரில் நனைந்த பலகைமீது முழந்தாளிட்டோர் பக்தியினால் அவ்வாறு செய்தவரல்லர். மரத்திற்குத் தேவை என்பதைவிட, ஆட்களை ஓயவிடக்கூடாது என்பதே அதிகாரிகளின் எண்ணமாக இருந்தது எனத் தோன்றுகிறது. தேய்க்கத் தேய்க்க மரத்தின் மென்வரிகள் குழிந்து வன்வரிகள் மேடாகும். அதைச் சமன்செய்ய மீண்டும் இழைக்கவேண்டும். பலகை மெலியும், ஆணித்தலைகளை மூடிய மரக்கட்டைகள் கழலும், பலகைகளுக்கிடையே பழங்கயிற்று நாரைத் திணித்துக் கீல் ஊற்றிய கலப்பற்றும் பிடிமானம் இழக்கும். அதன்பின் நீர் உள்ளே இறங்குவதைத் தடுப்பார் இல்லை. மரத்தை வீணே தேய்க்கிறது என்று கண்டு அமெரிக்கக் கடற்படை இவ்வழக்கத்தை 1931இல் கட்டுப்படுத்தியது.

இன்று தேர்ந்த கைவினைஞர் தளத்தின் நரையைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகின்றனர். மென்தூரிகையால் மரவரிக்குக் குறுக்காகக் கழுவுவதோடு சரி. பளபளப்பு வேண்டிய கைப்பிடிகளுக்கும் கதவுகளுக்கும் மட்டுமே வார்னிஷ். அதுவும் எளிதன்று. உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்தபின், மரத்தின் சொந்த எண்ணெயைக் கரைப்பானால் துடைத்து, அது மீண்டும் கசிந்து மேலெழுமுன் முதற்பூச்சை நீர்க்கத் தடவவேண்டும். அதன்மேல் மெல்லிய பூச்சுகள் பல. எங்கேனும் ஒரு கீறல் விழுந்தால் நீர் உட்புகுந்து, வெளியேற வழியின்றித் தங்கி, மரத்தைக் கறுக்கச் செய்யும். இறுக மூடிய பூச்சே பகையாகும் நிலை அது. எண்ணெய் பூசுவோரும் உளர். அதை அடிக்கடி புதுப்பிக்காவிடில் பூஞ்சை படரும்.

நாம் தொடங்கிய கப்பலின் கதைக்கு மீள்வோம். 1897இல் அது உடைப்பதற்காக விற்கப்பட்டது. அவ்வாண்டே ‘ஃபௌட்ராயண்ட்’ என்னும் பயிற்சிக் கப்பலைப் புயலில் இழந்திருந்த வீட்லி காப் என்பவர், அதன் இடத்தில் வைக்க இதை வாங்கி, இழந்த கப்பலின் பெயரையே இதற்கும் சூட்டினார். 1986 வரை இளைஞர் பயிற்சிக்கு அது பயன்பட்டது. 1987இல் ஹார்ட்டில்பூலுக்கு வந்தது. 1992இல் பழைய பெயரைத் திரும்பப் பெற்றது. 2001இல் சீரமைப்பு முடிவுற்றது.

இத்தகைய கப்பலைச் சீரமைப்போர் ஒவ்வொரு மரத்தையும் நோக்கிக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது உளுத்ததா, நரைத்ததா? உளுத்ததெனத் தவறாக எண்ணி ஒன்றைக் கழித்தால், வாடியாவின் ஆட்கள் செதுக்கிய மரம் ஒன்று என்றைக்குமாகப் போயிற்று. நரைத்ததென எண்ணி உளுத்ததை விட்டுவைத்தால் கப்பலுக்கே ஆபத்து. ஹார்ட்டில்பூலில் பொறுமையோடு பிரித்தறிந்திருக்கின்றனர். இன்றைக்கும் அக்கப்பலில் இருப்பது பெரும்பகுதி பம்பாயில் இழைத்த மலபார்த் தேக்கே.