காற்றே பூட்டான புட்டி

வீட்டில் காய்ச்சிய பீர் புட்டியோடு வெடிப்பதற்குக் காரணம் அதில் உயிரோடு இருக்கும் ஈஸ்ட். சர்க்கரை தீர்வதற்குள் மூடிவிட்டால் நொதித்தல் உள்ளேயே தொடரும். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை மிஞ்சியிருந்தாலே ஏறத்தாழ ஒரு லிட்டர் கரியமில வாயு கூடுதலாகப் பிறக்கும். இதோடு வெயிலும் சேர்ந்தால் ஆபத்து அதிகம். 0 டிகிரியில் ஒரு பங்கு நீர் 1.7 பங்கு வாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் 0.7 பங்கைக்கூடக் கரைக்காது. வெளியேறிய வாயு மூடியைத் தள்ளும், அல்லது கண்ணாடியைப் பிளக்கும். இதற்கு வழி இரண்டுதான்: புட்டியைக் குளிரவைத்து வாயுவை நீருக்குள் அடக்குவது, மூடியைத் தளர்த்தி மிகுதியை வெளியே விடுவது. குளிரவைக்காமல் திறந்தால் பாதிப் பீர் நுரையாகப் போய்விடும்.

சென்னைக்குப் பீர் வெள்ளையரின் பானமாகக் கப்பலில் வந்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, மாதக்கணக்கில் வந்த சரக்கு அது. துறைமுகம் இல்லாத காலத்தில் மசூலா படகுகள் அதை அலைகளுக்கு நடுவே குலுக்கிக் கரை சேர்த்தன. பீப்பாயில் மென்மரத் தக்கை செருகி வாயுவைக் கசியவிடலாம். தக்கையடைத்த புட்டிக்கு அந்த வசதி இல்லை. வந்திறங்கிய இடத்திலோ பனிக்கட்டி கிடையாது. அந்தக் குறையைத் தீர்த்தது திருவல்லிக்கேணிக் கடற்கரை. பாஸ்டன் வணிகர் ஃபிரடெரிக் டியூடர் 1842-இல் இங்கே கட்டிய ஐஸ் ஹவுஸில், அமெரிக்க ஏரிகளில் அறுத்த பனிக்கட்டி சேமிக்கப்பட்டது. 1874-இல் சென்னையிலேயே ஐஸ் தயாரிக்கும் கம்பெனி வந்தபின் அந்த வாணிபம் சரிந்தது. 1897-இல் விவேகானந்தர் தங்கியதால் அக்கட்டடம் வேறு புகழ் பெற்றது. ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் மட்டும் சுற்றுவட்டாரத்தில் நிலைத்துவிட்டது.

சாமானியரின் தாகத்தைத் தீர்த்தது பீர் அல்ல, சோடா. ஆனால் சோடாவும் பீர்த் தொட்டியருகே பிறந்ததுதான். 1767-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், பீர் காய்ச்சும் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, நொதிக்கும் தொட்டிக்கு மேல் தேங்கிய காற்றை நீரில் கலந்து பார்த்தார். ஈஸ்ட் இல்லாததால் சோடாவில் அடைத்த அளவுக்கு மேல் வாயு ஊறாது. ஆனாலும் உலர்ந்து சுருங்கிய தக்கை வழியே வாயு கசிந்துவிடும். தக்கை எப்போதும் நனைந்திருக்க, படுக்கவைத்தே வைக்கவேண்டிய முட்டை வடிவப் புட்டிகள்கூட வந்தன.

1872-இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற புட்டி இந்தச் சிக்கலையே தலைகீழாக்கியது. கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி. வாய்க்குள் ஒரு ரப்பர் வளையம். மூடியைப் பிடுங்கி எறியப் பார்த்த அதே அழுத்தம் கோலியை வளையத்தோடு ஒட்டவைத்துப் பூட்டாக நின்றது. வாயு கூடக்கூடப் பூட்டு இறுகும். எளிமையிலும் கூர்மையிலும் இதற்கு ஈடான பொறியியல் தீர்வுகள் குறைவு.

நம் ஊரில் கோலி சோடாவான இந்தப் புட்டிக்கு ஒரு விலையும் இருந்தது. மிகை வாயுவுக்கு இனி மூடி வழியே தப்ப இடமில்லை. பலவீனம் கண்ணாடியில் இருந்தால் கண்ணாடிதான் போகும். சோடாக் கடைக்காரர் நீர் நிரப்பிய புட்டிகளை இரும்புக் கூண்டில் பொருத்தி, வாயு ஏற்றியபடி கைப்பிடியால் சுழற்றுவார். புட்டி கவிழும்போது கோலி வாய்க்கு உருண்டு வந்து அடைக்கும். அந்தக் கூண்டு உடையும் கண்ணாடியிலிருந்து அவர் முகத்தையும் கண்ணையும் காப்பதற்கும்தான். ஆண்டுக்கணக்கில் கழுவிக் கழுவிப் புழங்கிய புட்டியில் கீறல் விழுந்திருக்கும்; அதைப் பார்த்து ஒதுக்குவது தொழில் தெரிந்த கண்ணின் வேலை. கோலி சோடாவின் வரலாற்றில் அதிகம் பேசப்படாதவர்கள் இந்தத் தொழிலாளர்களே.

1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியபோது, பீர் சட்டத்துக்குப் புறம்பானது, சோடாவுக்குத் தடையில்லை. திருவல்லிக்கேணிக் கடற்கரையின் பொதுக்கூட்டங்களில் தொண்டை வறண்ட பேச்சாளருக்கு மேடையில் நீட்டப்பட்டது சோடாதான். அதே புட்டி கலவரக்காரர் கையில் ஆயுதமாகவும் மாறியது. வீசினால் உள்ளிருந்த அழுத்தம் சில்லுகளைத் தெறிக்கவிட்டது. தமிழக அரசியலில் சோடா புட்டி வீச்சு என்பது வெறும் பேச்சு வழக்கு அல்ல.

தகர மூடிப் புட்டிகளும், பின்னர் அழுத்தத்துக்கு நெகிழ்ந்துகொடுக்கும் பிளாஸ்டிக் புட்டிகளும் வந்தபின் கோலி பின்வாங்கியது. 2017 ஜனவரியில் மெரினாவில் நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டத்தையடுத்து, அந்நியக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. உள்ளூர்க் கம்பெனிகளின் பானங்களோடு கோலி சோடாவுக்கும் கிராக்கி திரும்பியது.