வாசலுக்கு இறங்கிவந்த தேவாலயத் தரை

லண்டனின் பழைய வரிசை வீடுகளில் தெருக்கதவிலிருந்து வீட்டு வாசலுக்குச் சில எட்டுகள்தான். விக்டோரியா காலத்து நடுத்தரக் குடும்பம் தன் அந்தஸ்தை அந்தச் சின்ன நடைபாதையில் காட்டியது. கறுப்பு வெள்ளைச் சதுரங்கள் மூலைவாட்டாக ஓடும். அல்லது சிவப்பும் வெளிர்மஞ்சளும் சாக்லேட் நிறமுமான முக்கோணங்கள் சேர்ந்து நட்சத்திரமாகும். இருபக்கமும் சேலைக்கு இருப்பதுபோல் கரை உண்டு. பின்கட்டுக்குப் போனால் வெறும் செங்கல்தான். விருந்தாளி பார்க்காத இடத்துக்கு அது போதும் என்பது கணக்கு.

இந்த அலங்காரம் முதலில் வீட்டுக்கு வந்ததல்ல. 13ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மடாலயங்களுக்கு ஓடு செய்தவர்கள், ஈரக் களிமண்ணில் அச்சு அழுத்திப் பள்ளமாக்கி, அதில் வேறு நிறக் களிமண்ணை நிரப்பிச் சுட்டார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் துறவிகள் கூடிய சாப்டர் ஹவுஸில் 1250களில் பதித்த தரை இன்றும் இருக்கிறது. எட்டாம் ஹென்றி 1530களில் மடங்களைக் கலைக்கத் தொடங்கியதும் புரவலர்கள் போனார்கள், தொழிலும் போனது.

அதை மீட்டது கோத்திக் பாணிக் கட்டடங்கள்மீது 19ஆம் நூற்றாண்டுக்கு வந்த மோகம். 1830இல் சாமுவேல் ரைட் பழைய முறைக்குப் புதிய காப்புரிமை பெற்றார். ஸ்டோக் நகரத்துப் பீங்கான் முதலாளி ஹெர்பர்ட் மின்டன் அதில் பங்கு வாங்கிப் பல ஆண்டுகள் முயன்றார். 1840களின் தொடக்கத்தில் லண்டன் டெம்பிள் தேவாலயத்துக்கு அவருடைய ஓடுகள் சென்றன. பிறகு கட்டடக் கலைஞர் பியூஜினின் வடிவங்களில் நாடாளுமன்ற மாளிகைக்கும், 1854இல் திறந்த லிவர்பூல் செயின்ட் ஜார்ஜ் மண்டபத்துக்கும் போயின. அந்த மண்டபத்தில் மட்டும் 30,000க்கு மேல் ஓடுகள்.

சாமானிய வீட்டுக்கு இதைக் கொண்டுவந்தது ஒரு பொத்தான். 1840இல் ரிச்சர்ட் பிராஸர், ஈரம் மிகக் குறைந்த களிமண் தூளை உலோக அச்சில் அழுத்திப் பொத்தான் செய்யும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். மின்டன் அதே முறையில் ஓடு செய்தார். ஈரம் குறைந்ததால் காயும்போதும் சுடும்போதும் ஓடு அதிகம் சுருங்கவில்லை, கோணவில்லை; முக்கோணமும் எண்கோணமும் இடைவெளியின்றிப் பொருந்தின. நிறம் மேற்பூச்சாக இல்லாமல் உடல் முழுக்க இருந்ததால் தேய்ந்தாலும் மங்கவில்லை. இறுகச் சுட்டதால் தண்ணீர் உள்ளே போகவில்லை; பனி உறைந்தும் வெடிக்கவில்லை. ஆகவே திறந்தவெளிக்கும் இவை தாங்கின.

1850இல் செங்கல் வரி நீங்கியது. ரயிலும் சரக்கை மலிவாகச் சுமந்தது. நகரங்களில் வீடுகள் பெருகப் பெருக, அதே 1850இல் தொடங்கிய ‘மா’ (Maw) என்ற ஓடு நிறுவனமும் வளர்ந்தது. 1883இல் அது ஷ்ரோப்ஷயரின் ஜாக்ஃபீல்டில் பெரும் ஆலை எழுப்பியது. வீடு கட்டுபவர்கள் அட்டவணைப் புத்தகத்தைப் பார்த்தே வடிவம் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனால் அச்சில் அழுத்திய அந்தக் களிமண் தூள் ஆலைத் தொழிலாளிகளின் நுரையீரலில் படிந்தது. மண்பாண்டத் தொழிலாளரின் நோய் என்றே பெயர் வாங்கிய அளவுக்கு அது அவர்களை வாட்டியது.

பதிப்பதிலும் கவனம் வேண்டும். செங்கல் துண்டும் சுண்ணாம்புக் கலவையும் கொட்டி இடித்து இறுக்கி, மேலே சிமெண்ட் சாந்து பூசுவார்கள். மழைநீர் வீட்டுப்பக்கம் வராமல் தெருவை நோக்கி வாட்டம் கொடுப்பார்கள். நடுவில் நூல் பிடித்து அங்கிருந்தே வடிவத்தை விரிப்பார்கள். ஓரத்தில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகள் இருபக்கமும் சமமாக வர அதுவே வழி. இடுக்கு மிக மெல்லியதாக இருக்கும். ஓரிடத்தில் சற்று விலகினாலும் அடுத்தடுத்த வரிசைகள் கோணிவிடும்.

முதல் உலகப் போருக்குப் பின் ரசனை மாறியது. உடைகற்களை ஒழுங்கின்றி அடுக்கிய பாதைகளும் கான்கிரீட்டும் வந்தன. பழைய ஓடுகள் பல இடங்களில் சிமெண்டுக்கடியில் மறைந்தன, அல்லது குப்பைக்குப் போயின. இன்று ஜாக்ஃபீல்டில் ஓடு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கேயே கிரேவன் டன்னில் நிறுவனம் பழைய அளவிலும் நிறத்திலும் மாற்று ஓடுகள் செய்கிறது. நாடாளுமன்ற மாளிகையின் தேய்ந்த தரையைப் புதுப்பிக்கவும் அங்கிருந்தே ஓடுகள் சென்றன. இத்தகைய பழைய பாதை அமிழ்ந்து கிடந்தால், குற்றம் பெரும்பாலும் கீழே இறங்கிய அடித்தளத்திலோ மரவேரிலோ இருக்கும். ஓட்டைப் பெயர்த்தெறியும் முன் அதைச் சோதிப்பது நல்லது.