கணவர் புகைத்தார், மனைவி மாண்டார்

புகைப்பவனின் நுரையீரலே கெடும் என்றுதான் உலகம் நெடுநாள் எண்ணியிருந்தது. அருகிலிருந்து அப்புகையைச் சுவாசித்தவர்களையும் கணக்கில் கொண்டவர் ஜப்பானிய மருத்துவ அறிஞர் தகேஷி ஹிரயாமா. புகைப்பழக்கமே இல்லாத 91,540 மனைவியரை 1966 முதல் 1979 வரை அவர் ஆய்ந்தார். கணவர் நாள்தோறும் இருபது சிகரெட்டுகளுக்குக் குறையாமல் புகைத்த இல்லங்களில், நுரையீரல் புற்றுநோயால் மனைவியர் இறந்த விகிதம், புகைக்காத கணவரின் இல்லங்களைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு! தாம் கொளுத்தாத நெருப்புக்கு அவர்கள் இரையாயினர்.

1981ஆம் ஆண்டு இம்முடிவு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்ததும், கணக்கிலே பிழை என்று புகையிலை முதலாளிகள் கூக்குரலிட்டனர். அவர்தம் ஆலோசகர் சிலரோ ஹிரயாமா கூற்றே சரியென்று தனிமையில் ஒப்புக்கொண்டிருந்தனர். அவ்வுண்மை பின்னாளில் அந்நிறுவனங்களின் ஆவணங்களிலிருந்தே வெளிப்பட்டது. 1986இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் எவரெட் கூப்பின் அறிக்கையும், பிறர் விடும் புகை புற்றுநோய் விளைக்கும் என்றே உரைத்தது.