வெட்டுப்புள்ளியின் பொருள்: இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் முதல் இஸட் புள்ளி வரை

இலங்கையில் க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகளுக்குப் பின், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெட்டுப்புள்ளிப் பட்டியலை வெளியிடுகிறது. ஒரே மருத்துவக் கற்கைநெறிக்குக் கொழும்புக்கு ஓர் எண், மன்னாருக்கு இன்னோர் எண். நான்கு தசம தானங்கள் வரை நீளும் அந்த எண்ணைப் பெற்றோரும் பிள்ளைகளும் தகுதி பற்றிய இறுதித் தீர்ப்பாகவே வாசிக்கிறார்கள். அது அத்தகைய தீர்ப்பன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். வெட்டுப்புள்ளி எவரும் முன்கூட்டியே வகுத்த தகுதிக்கோடு அல்ல. ஒரு கற்கைநெறிக்கு ஒரு மாவட்டத்திலிருந்து கடைசியாக அனுமதி பெற்றவரின் புள்ளி. இடங்களின் எண்ணிக்கை, போட்டியிட்டோர், அனுமதி விதி ஆகிய மூன்றுமே அதைத் தீர்மானிக்கின்றன. இவற்றுள் விதியின் வரலாற்றை மட்டும் இங்கு பின்தொடர்வோம்.

இரண்டு கோடுகள்: 1971

பரீட்சையில் பெற்ற மொத்தப் புள்ளிகளின் வரிசைப்படி மாணவரைத் தெரிவதே பழைய முறை. 1971ஆம் ஆண்டு அனுமதியில் இது மாறியது. நான்கு பாடங்களுக்குரிய 400 புள்ளிகளில், பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227, தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 என இரு வேறு குறைந்தபட்சப் புள்ளிகள் வந்தன. மருத்துவத்துக்கு அவை முறையே 229, 250. ஒரே வினாத்தாளின் இரு மொழி வடிவங்களுக்கு விடையெழுதியவர்களிடையே 20 புள்ளிகளுக்கு மேற்பட்ட இடைவெளி உருவாயிற்று. 240 புள்ளி பெற்றும் பொறியியல் பீடத்துக்கு வெளியே நின்ற தமிழ் மாணவன், தன்னிலும் குறைவான புள்ளி பெற்றவன் உள்ளே செல்வதைப் பட்டியலில் நேரடியாகவே காண முடிந்தது.

ஒரே கோடு, மாற்றிய புள்ளி: 1973

1973இல் கொண்டுவரப்பட்ட மொழிவாரித் தரப்படுத்தல், கோட்டை விட்டுவிட்டுப் புள்ளியை மாற்றியது. ஒவ்வொரு மொழிமூலத்திலும் பரீட்சைக்குத் தோற்றியோர் தொகைக்கு ஏற்பவே தேறுவோர் தொகையும் அமையும்படி, புள்ளிகள் பொது அளவுத்திட்டம் ஒன்றுக்கு மாற்றப்பட்டன. வெட்டுப்புள்ளி ஒன்றாகிவிட்டதால் பாகுபாடு கண்ணுக்குத் தெரியவில்லை; ஆனால் அது கணக்கின் உள்ளே குடியேறியிருந்தது. இரு மொழிக் குழுக்களின் சராசரித் தேர்ச்சியும் சமம் என்ற எடுகோள்தான் அந்தக் கணக்கின் அத்திவாரம். அந்த எடுகோள் எங்கும் நிறுவப்படவில்லை.

மாவட்டம் எனும் அலகு: 1974 முதல்

1974இல் மாவட்டக் கோட்டாவும் சேர்ந்தது. நல்ல விஞ்ஞான ஆய்வுகூடங்களும் ஆசிரியர்களும் யாழ்ப்பாணம், கொழும்பு போன்ற சில இடங்களில் குவிந்திருந்தமை உண்மை. கிராமப்புறப் பிள்ளைகளின் குறை நியாயமானது. கோட்டாவினால் கண்டிப் பகுதிக் கிராமங்கள் பயன்பெற்றன. வன்னியிலும் கிழக்கிலும் இருந்த தமிழ், முஸ்லிம் மாணவர்களுக்கும் வாசல் ஓரளவு திறந்தது. ஆயினும் மொழிவாரித் தரப்படுத்தலின் மேல் கோட்டாவும் ஏறியபோது, யாழ்ப்பாண மாணவர் இருமுறை வடிகட்டப்பட்டனர். வரலாற்றாசிரியர் சி. ஆர். டி சில்வாவின் கணிப்பின்படி, விஞ்ஞானம் சார்ந்த கற்கைநெறிகளில் தமிழ் மாணவரின் பங்கு 1969/70இல் ஏறத்தாழ 35 வீதமாக இருந்து 1975இல் ஏறத்தாழ 19 வீதமாகச் சரிந்தது. ஒரு தலைமுறையின் அரசியலை இந்தச் சரிவு எவ்வளவு மாற்றியது என்பது தனியே எழுதப்பட வேண்டிய வரலாறு.

1977இல் ஆட்சி மாறியபின் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. அதன்பின் வந்த திட்டத்தில் 30 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் சனத்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்கும், 15 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்பட்டன. விகிதங்கள் பலமுறை திருத்தப்பட்டு, பின்னர் 40, 55, 5 என நிலைத்தன. ஆக, ஒரு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி தாழ்ந்திருப்பது அங்குள்ள பிள்ளைகளின் அறிவைப் பற்றிய செய்தியல்ல. சனத்தொகைப்படி அம்மாவட்டத்துக்குக் கிடைத்த இடங்களையும், அவற்றுக்குப் போட்டியிடும் நிலையில் அதன் பாடசாலைகள் எத்தனை பேரை உருவாக்கின என்பதையுமே அது சொல்கிறது.

இஸட் புள்ளி: 2001 முதல்

உயர்தரப் பாடங்கள் நான்கிலிருந்து மூன்றாகக் குறைந்தபின், 2001 முதல் இஸட் புள்ளி பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்தால் அப்பாடத்துக்குரிய இஸட் புள்ளி கிடைக்கும். மூன்று பாடங்களின் சராசரியே இறுதி இஸட் புள்ளி.

விளக்கத்துக்காகச் சில எண்களைக் கற்பனையாகக் கொள்வோம். மாணவி ஒருத்தி மூன்று பாடங்களிலும் 70 பெறுகிறாள். பௌதிகவியலில் சராசரி 40, நியம விலகல் 15 எனில் அவளது இஸட் புள்ளி 2.0. இணைந்த கணிதத்தில் சராசரி 30, விலகல் 20 எனில் அதுவும் 2.0. இரசாயனவியலில் சராசரி 55, விலகல் 10 எனில் 1.5 மட்டுமே. இறுதிப் புள்ளி 1.8333. ஒரே எழுபதுக்கு இரசாயனவியலில் மதிப்புக் குறைந்ததேன்? அங்கே பெரும்பாலோர் அவளுக்கு அருகில் நின்றதால்தான். கடினமான வினாத்தாளை எழுதியவருக்கு நேரும் அநீதியை இம்முறை குறைக்கிறது. அதேவேளை, வெவ்வேறு பாடங்களைத் தெரிந்தோர் ஆற்றலில் ஒத்தவர்கள் என்ற எடுகோளை இதுவும் சுமக்கிறது. வலிமையான மாணவர் திரளும் பாடத்தில் சராசரி உயரும். அதே புள்ளிக்கு அங்கே இஸட் குறையும்.

யாருடைய சராசரி? 2011

2011 பரீட்சையில் புதிய பாடத்திட்டத்தில் முதன்முறை தோற்றியோரும் பழைய பாடத்திட்டத்தில் மீண்டும் தோற்றியோரும் வெவ்வேறு வினாத்தாள்களை எழுதினர். ஆனால் இரு குழுக்களையும் ஒரே தொகையாகக் கொண்டு இஸட் புள்ளி கணிக்கப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 2012இல் நீதிமன்றம் அந்தக் கணிப்பைச் செல்லுபடியற்றதாக்கி, இரு குழுக்களுக்கும் தனித்தனியே கணிக்க வழிவகுத்தது.

1973ஐயும் 2011ஐயும் அருகருகே வைத்தால் ஒரு தெளிவு பிறக்கிறது. முன்னதில், ஒரே வினாத்தாளை எழுதியவர்கள் மொழியால் பிரிக்கப்பட்டனர். பின்னதில், வெவ்வேறு வினாத்தாள்களை எழுதியவர்கள் ஒன்றாகக் கலக்கப்பட்டனர். இரண்டிலும் கூட்டல் கழித்தல் பிழைக்கவில்லை. பிழைத்தது, யாரை யாரோடு ஒப்பிடுவது என்ற முடிவு. அந்த முடிவைக் கணிதம் எடுத்துத் தராது. அதை எடுப்பவர் நியாயம் சொல்லக் கடமைப்பட்டவர்.

முடிவுரை

இந்த வரலாறு வெட்டுப்புள்ளியை வாசிக்கும் முறையைக் கற்றுத் தருகிறது. எந்த ஆண்டு, எந்த மாவட்டம், எத்தனை இடங்கள், எந்தக் கூட்டத்தின் சராசரி ஆகிய நான்கும் தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. கடந்த ஆண்டின் எண் இந்த ஆண்டுக்கான வாக்குறுதியாகாது. தசமத்தின் நான்காம் தானத்தில் இருவர் பிரியும்போது, அங்கே பிரிவது இருக்கைகள். அறிவு அவ்வளவு நுண்மையாக அளக்கப்படுவதில்லை. ஆகவே பட்டியலைப் போலவே கணிப்பு முறையும் ஆண்டுதோறும் எளிய மொழியில் வெளியிடப்பட வேண்டும். கோட்டுக்கு வெளியே நிற்கும் பிள்ளைக்கு, அந்தக் கோடு எப்படி வரையப்பட்டது என்று அறியும் உரிமையாவது மிஞ்ச வேண்டும்.