வீட்டுத் தோட்டத்துக்கான நாட்டு மரங்களும் புதர்களும்

பறவை, வண்ணத்துப்பூச்சி, தேனீ, அணில் போன்றவை இரை தேடவும் கூடு கட்டவும் உதவும் உள்ளூர்த் தாவரங்களை வீட்டைச் சுற்றி நட்டு வளர்க்கலாம். தமிழ்நாட்டுச் சமவெளியில் இதற்கு ஏற்ற வேம்பு, புங்கு, நாவல், நெட்டிலிங்கம், கறிவேப்பிலை, இலந்தை, ஆவாரை, நொச்சி, வெட்சி முதலியவை பெரும்பாலும் எளிதில் கிடைப்பவை. பலவற்றுக்கு வேரூன்றிய பின் தண்ணீரும் அதிகம் வேண்டியதில்லை.

இலையே முதல் உணவு

பூவையும் பழத்தையும் பார்த்தே பலரும் செடியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது இலையை. தாவரங்கள் பூச்சிகளிடமிருந்து தப்ப இலையில் நச்சுப்பொருள்களைச் சேர்த்துவைக்கின்றன. அந்த நச்சைத் தாங்கும் திறனைக் குறிப்பிட்ட சில புழுக்கள் மட்டும் நெடுங்காலத்தில் பெற்றிருக்கின்றன. ஆகவே ஒரு வண்ணத்துப்பூச்சி பல பூக்களில் தேன் குடிக்கலாம். முட்டையிட அதற்கு உரிய செடிதான் வேண்டும்.

கறிவேப்பிலை இதற்கு நல்ல சான்று. எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சி கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வம் ஆகியவற்றின் தளிரில் முட்டையிடும். இளம்புழு பறவை எச்சம் போலத் தோன்றும், வளர்ந்ததும் இலைப்பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோன்ற உறுப்பை நீட்டிக் கடும் வாடை வீசும். இதே கறிவேப்பிலையை உண்டு வளரும் இன்னொரு கருப்பு அழகி இனத்தில், சில பெண்பூச்சிகள் நச்சுடைய ரோஜா அழகியைப் போலவே சிவப்பும் வெள்ளையும் பூண்டு பறவைகளை ஏமாற்றுகின்றன. ரோஜா அழகிக்கு அந்த நச்சு ஈஸ்வரமூலி, ஆடுதின்னாப்பாளை இலைகளிலிருந்து வருகிறது. கறிவேப்பிலை மரத்தடியில் ஒரு ஈஸ்வரமூலிக் கொடியும் இருந்தால், போலியையும் அசலையும் ஒரே தோட்டத்தில் காணலாம்.

எருக்கின் இலையை உண்டு வளரும் வெந்தய வரியனும் அப்படியே நச்சேறியது. ஆவாரையிலும் கொன்றையிலும் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் பெருகும். இலந்தை, புங்கு, நெட்டிலிங்கம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இனங்கள் உண்டு.

இந்தப் புழுக்கள்தாம் பறவைகளின் குழந்தை உணவு. நெல்லும் தானியமும் கொத்தும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சியையும் புழுவையுமே ஊட்டுகிறது. தேன்சிட்டும் சிலந்தி, சிறு பூச்சிகளைக் கொண்டுவந்து கொடுக்கும். அமெரிக்காவில் வாஷிங்டன் நகரைச் சுற்றிய வீட்டுத் தோட்டங்களில் நடந்து 2018இல் வெளியான ஆய்வொன்று, அயல்நாட்டுத் தாவரங்கள் 30 விழுக்காட்டைத் தாண்டிய இடங்களில் புழுதின்னும் ஒரு சிறு பறவையினத்தால் தன் எண்ணிக்கையைத் தக்கவைக்க முடியவில்லை என்று காட்டியது. இலையில் ஓட்டை விழாத தோட்டம் பார்க்க அழகாக இருக்கலாம். குஞ்சுக்கு அங்கே ஊட்ட எதுவும் இல்லை.

பூவும் பழமும் பருவமும்

ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று பூத்தோ பழுத்தோ இருக்கும்படி கலந்து நடுவது நல்லது. இலந்தை தை, மாசியில் பழுக்கும். கல்யாண முருங்கை இலையுதிர்த்து நிற்கும் மாசி, பங்குனியில் செக்கச்செவேலெனப் பூக்க, மைனா, காகம், கரிச்சான், தேன்சிட்டு எல்லாம் தேனுக்குக் கூடும். போத்து நட்டாலே பிடித்துக்கொள்ளும் மரம் இது. வேம்பும் நாவலும் ஆனி, ஆடியில் பழுத்துக் குயில், சின்னான், பழந்தின்னி வௌவால், மரநாய் வரை அழைக்கும். ஆவாரம்பூவில் தேன் கிடையாது. ஆனால் தச்சுத் தேனீ தன் உடலை அதிரச்செய்து மகரந்தத்தை உதிர்த்து எடுத்துப்போகும்.

ஆலும் அரசும் அத்தியும் வேறெந்த மரத்தையும்விட அதிக உயிர்களுக்குச் சோறிடுபவை. என்றாலும் ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி மனையில் ஆலும் அரசும் வேண்டாம். வேர் சுவரைப் பிளந்துவிடும். அங்கே பராய் போன்ற சிறுமரமும் கறிவேப்பிலையும் போதும். பழம் தரும் களா, காரை போன்ற முள்செடிகளை வேலியோரம் நெருக்கமாக நட்டால், பூனைக்கு எட்டாமல் சின்னானும் தவிட்டுக்குருவியும் கூடு கட்டும். வெட்டி வடிவமைத்த வேலியைவிட இது பலமடங்கு பயனுள்ளது.

எது நாட்டு மரம்?

மாநில எல்லையை வைத்து இதை முடிவுசெய்ய முடியாது. நீலகிரிச் சோலை மரம் ராமநாதபுரத்து மணலில் நிற்காது. கடற்கரைக்குப் புன்னையும் பூவரசும், செம்மண் வறள்நிலத்துக்கு ஆவாரையும் காரையும் பொருந்தும். பக்கத்துக் கோயில்காடுதான் நம்பத்தக்க வழிகாட்டி. மரக்காணம் அருகே புத்துப்பட்டு ஐயனார் கோயில்காட்டில், சோழமண்டலக் கரைக்கு உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்கள் இன்றும் நிற்கின்றன. 1968இல் தொடங்கிய ஆரோவில், வெட்டவெளிச் செம்மண்ணில் வீரை, பாலை, காசா முதலிய இவ்வகைக் காட்டு மரங்களை மீண்டும் வளர்த்திருக்கிறது.

அயல் மரமெல்லாம் பயனற்றது என்றும் சொல்லக் கூடாது. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த சிங்கப்பூர் செர்ரியின் பழத்துக்குப் பறவைகள் நாள் முழுதும் வருகின்றன. ஏற்கெனவே நிற்கும் மரத்தை வெட்ட வேண்டியதில்லை. புதிதாக நடும் இடத்தில் பராயோ நாவலோ வைப்பதே சரி. உண்ணிச்செடியை மட்டும் எக்காரணத்தாலும் நடக் கூடாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாக வந்து, பறவைகள் வழியே விதை பரவி, முதுமலை போன்ற காடுகளின் அடித்தளத்தை அடைத்துவிட்டது அது.

பராமரிப்பு

பூச்சிமருந்து தெளித்தால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. முருங்கையில் கம்பளிப்புழு மொய்த்தால் அந்தக் கிளையை மட்டும் கழிக்கலாம். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும்போது கவாத்து செய்யக் கூடாது. காய்ந்த கொம்பு ஒன்றிரண்டை விட்டுவைத்தால் தச்சுத் தேனீ துளையிட்டுக் குடியிருக்கும். அடர்ந்த செடியால் பாம்பு வரும் என்று அஞ்சுவோர், சருகையும் முள்வேலியையும் வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி மனையின் கோடியில் வைத்து, எலியை ஈர்க்கும் சோற்றுக்கழிவை வெளியே கொட்டாமல் இருக்க வேண்டும்.